சமைக்கும் கையும் கொள்ளைநோயும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு இல்லை. மாரியிலே பெருகிக் கோடையிலே வரண்டுபோகும் வழுக்கியாறு ஒன்றே ஆறு என்னும் பெயருக்கு உரியது. மற்றெல்லாவற்றிற்கும் கிணறே கதி. நிலத்தின் அடியிலே கிடப்பது வெடிப்பும் துளையும் மலிந்த சுண்ணாம்புக்கல். மேல்நிலத்து நீர் அக்கல்லினூடாக விரைந்து இறங்கும். வழியிலே எதனைத் தொட்டதோ அதனையும் தன்னோடு கொண்டுசெல்லும். ஆதலின் வயிற்றைப் பற்றும் நோயொன்று இந்நாட்டினுள்ளே புகுந்தால், அது முதலிலே தேடும் இடங்கள் இரண்டு. ஒன்று கிணறு, மற்றையது அக்கிணற்று நீரை அள்ளிச் சமைக்கும் கை.

கொள்ளைநோய்களின் வரலாறு பெரும்பாலும் வைத்தியர்களின் வரலாறாகவும், ஆட்சியாளரின் கட்டளைகளின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. மடத்துச் சமையற்காரர், பந்தியிலே பரிமாறுவோர், தேநீர்க்கடைப் பணியாளர், பாண் போடுவோர், சந்தையிலே மரக்கறி விற்போர் ஆகியோர் அதிலே அரிதாகவே தோன்றுவர். தோன்றும்போதும் குற்றவாளிகளாகவே தோன்றுவர். நோய்க்காலந்தோறும் இவர்களுக்குக் கட்டளை இடப்பட்டது உண்மை. அக்கட்டளையின் காரணம் இவர்களுக்குச் சொல்லப்பட்டதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1817ஆம் ஆண்டிலே வங்காளத்து யெசோர்ப் பகுதியிலே பெருகிய வாந்திபேதி, சில ஆண்டுகளுள் ஆசியாவின் பெரும்பகுதியிலே பரவிற்று. இலங்கையும் அதற்குத் தப்பவில்லை. இந்தியக் கரையோரத் துறைகளோடு இடைவிடாப் போக்குவரவுடைய யாழ்ப்பாணம் அந்நூற்றாண்டிலே அந்நோயைப் பலமுறை கண்டது. 1866, 1867ஆம் ஆண்டுகளிலே அது கொடிதாக இருந்தது. அக்காலத்திலே மானிப்பாயிலே வைத்தியம் செய்தும் வைத்தியம் கற்பித்தும் வந்தவர் அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் 1847இலே யாழ்ப்பாணம் வந்தவர். இடையிலே 1857 முதல் 1862 வரை தம் நாட்டிலே தங்கி, மீண்டும் வந்து 1873 வரை பணிபுரிந்தார். அவரிடம் வைத்தியம் கற்று வெளியேறினோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர்.

கிறீன் வைத்தியரின் புகழுக்குக் காரணம் அவர் அறுத்துச் சிகிச்சை செய்தமை அன்று. அதனைச் செய்தோர் பிறரும் உளர். மேலைத்தேச வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தல் கூடும் எனக் கண்டு, அதற்கு வேண்டிய நூல்களைத் தமிழிலே ஆக்கியதே அவர் செய்த அரிய செயல். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலியன அவர் முயற்சியால் வெளிவந்தவை. இவற்றிற்கெல்லாம் முன்னதாக, 1850களிலே, உடலின் அமைப்பு, உடலின் தொழில், உடலைப் பேணும் முறை ஆகிய மூன்றையும் ஒருங்கே கூறும் நூலொன்றை அவர் தமிழாக்கினார். அம்மூன்றாவது துறைக்கு அவர் வழங்கிய பெயர் உற்பாலனம். இன்று சுகாதாரம் என வழங்குவதற்கு மானிப்பாயிலே அக்காலத்திலே இருந்த சொல் அது. சொல் வழக்கிறந்தது, எனினும் அடுக்களையிலே நிற்பவருக்கு விளங்கும் மொழியிலே உடல் நலத்தைப் பேசலாம் என்னும் துணிவு அச்சொல்லோடு பிறந்தது.

எனினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. கிறீன் காலத்து வைத்திய நூலார் பலரும் வாந்திபேதி கெட்ட காற்றினால் வருவது என்றே நம்பினர். இலண்டன் மாநகரிலே 1854இல் பிறோட் வீதி நீர்க்குழாயைச் சுற்றியே மரணம் மிகுந்ததைக் கண்டு, நோய் நீரினாலே பரவுகின்றது என யோன் சினோ நிறுவினார். அவர் கூற்றை அன்று ஏற்றோர் சிலரே. றொபேட் கொக் 1884இலே கல்கத்தாவிலே அந்நோய்க்குரிய கிருமியை ஐயத்துக்கு இடமின்றி அடையாளம் கண்டார். அவ்வாண்டிலேயே கிறீன் தம் நாட்டிலே காலமானார். ஆகவே மானிப்பாயிலே அவர் கற்பித்த காலமெல்லாம், கையைக் கழுவுக என்று சொல்லல் இயன்றதேயன்றி, ஏன் கழுவவேண்டும் என்பதை முற்றாகச் சொல்லல் இயலவில்லை. அறிவு அந்த அளவிலேதான் அன்று நின்றது.

அறிவு வருமுன்னரே பழக்கம் சிலவற்றைச் செய்துவைத்திருந்தது என்பதையும் சொல்லுதல் வேண்டும். வாழையிலையிலே உண்டு இலையை எறிதல், பனையோலையை மடித்த பிளாவிலே கஞ்சியும் கூழும் வார்த்துக் குடித்துப் பிளாவை எறிதல், மூக்குப்பேணியை உதட்டிலே படாது அண்ணாந்து குடித்தல், வாயிலிலே வைத்த செம்புநீரினாலே கால் கழுவி உட்புகுதல் முதலியன நோய்க்கிருமியின் பெயர் அறியாத முன்னோரின் வழக்கங்கள். ஒருவர் எச்சில் மற்றொருவர்க்குச் செல்லாத வகையிலே இவை அமைந்தன. 1877இலே பஞ்சம் வாட்டியபோது ஆறுமுகநாவலர் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்கு உணவளித்தார். பெரிய கிடாரத்திலே கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிய கஞ்சி பசியைத் தீர்த்ததோடு, கொதித்த காரணத்தாலேயே அக்காலத்துக் கிணற்று நீரைவிடப் பன்மடங்கு காவலானதுமாயிற்று.

ஆயின் வழக்கங்கள் யாவும் அவ்வாறு அமைந்தன என்று பெருமை கொள்ளல் பொருந்தாது. திருவிழாக் காலத்து அன்னதானத்தையும் தண்ணீர்ப்பந்தலையும் ஒப்பிட்டு நோக்குக. அன்னதானச் சோறும் கறியும் நெருப்பிலே வெந்தவை. சூடாக இலையிலே விழுந்தால் அவற்றாலே கேடு விளைதல் அரிது. தண்ணீர்ப்பந்தலிலே வழங்கும் மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கொதியாத கிணற்று நீரிலே கரைத்தவை. பெரும் பாத்திரத்தினுள்ளே செம்பை இட்டு மொள்ளும்போது செம்போடு விரலும் உள்ளே நனையும். நூறு பேர் தாகத்தை அது தணிக்கும். பந்தலிலே நிற்பவர் புண்ணியம் கருதி நிற்பவர், கூலி வாங்காதவர், தம் கையிலே குற்றம் இருக்கக்கூடும் என்று கனவிலும் எண்ணாதவர். வாந்திபேதிக்கும் நெருப்புக்காய்ச்சலுக்கும் இதனிலும் வாய்ப்பான இடம் வேறில்லை. தருமத்தின் தூய்மை நீரின் தூய்மை ஆகாது என்பதை அவருக்கு அன்று எடுத்துக் கூறுவார் இலர்.

நோயற்றவர்போலத் தோன்றும் ஒருவரின் கை நோயைக் கொண்டுசெல்லும் என்னும் செய்தியை உலகம் பரவலாக அறிந்தது ஓர் அடுக்களையின் வாயிலாகவே. 1906ஆம் ஆண்டுக் கோடையிலே நியூயோர்க் நகருக்கு அண்மையிலுள்ள ஒயிஸ்ரர் பே என்னும் ஊரிலே, செல்வர் ஒருவர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டிலே 11 பேருள் 6 பேருக்கு நெருப்புக்காய்ச்சல் கண்டது. ஜோர்ஜ் சோப்பர் என்பார் அதனை ஆராய்ந்தார். நீரிலே குற்றம் இல்லை. பாலிலே குற்றம் இல்லை. புதிதாகச் சேர்ந்து பின்னர் விலகிய சமையற்காரி ஒருத்தி மேல் அவர் ஐயம் சென்றது. அவள் பெயர் மேரி மலன். அயர்லாந்திலே 1869இலே பிறந்து, பிழைப்புக்காக அமெரிக்கா சென்றவள். அவள் முன்னர்ப் பணிசெய்த 8 குடும்பங்களைத் தேடிப் பார்த்தபோது 7 குடும்பங்களிலே அக்காய்ச்சல் தோன்றியிருந்தமை தெரியவந்தது. அவள் சமைத்த சூடான கறிகளாலே கேடு இல்லை. பழத்தை அரிந்து இட்டுச் செய்த ஐஸ்கிறீமே கிருமிக்கு வழியாயிற்று எனச் சோப்பர் கருதினார்; ஐஸ்கிறீம் நெருப்பைக் காணாத பண்டமன்றோ?

சோப்பர் அவளிடம் சென்று, உன் உடலிலே நோய் இருக்கின்றது என்று கூறி, மலசலம் பரிசோதனைக்கு வேண்டும் எனக் கேட்டார். அவள் இறைச்சி குத்தும் முள்ளைத் தூக்கிக்கொண்டு அவரைத் துரத்தினாள். இந்நிகழ்ச்சி நகைச்சுவையாகவே சொல்லப்பட்டு வருவது. ஆனால் அவள் நிலையிலே நின்று பார்த்தல் வேண்டும். வாழ்நாளிலே நெருப்புக்காய்ச்சல் கண்டதாக அறியாத திடகாத்திரமான ஒருத்தியிடம், முன்பின் அறியாத ஓர் ஆடவர் வந்து, உன் கையாலேயே இத்தனை பேர் நோயுற்றனர் என்றால் அவள் எதனை நம்புவாள்? தன் உடலையா, அவர் சொல்லையா? 1907இலே அவள் பிடிக்கப்பட்டுத் தீவொன்றிலே தனிமைப்படுத்தப்பட்டாள். இனிச் சமையல் வேலை செய்வதில்லை என்னும் வாக்குறுதியின் பேரிலே 1910இலே விடுதலையானாள். சலவை வேலை கிடைத்தது, கூலி குறைவு. சில ஆண்டுகளுள் அவள் பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் அடுக்களைக்குச் சென்றாள். 1915இலே அவள் சமைத்த பெண்கள் மருத்துவமனை ஒன்றிலே 25 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். மீண்டும் தீவு, 1938இலே இறக்கும் வரை விடுதலை இல்லை. அதற்குள் அந்நகரிலே அவளைப் போன்ற நோய்க்காவிகள் 400 பேருக்கு மேல் கண்டறியப்பட்டிருந்தனர். அவர்களுள் எவரும் அவள்போல் ஆயுள் முழுதும் அடைக்கப்படவில்லை. இரண்டாம் முறை அவள் செய்தது குற்றமே. இருவர் உயிர் போயிற்று. எனினும் விளங்காத காரணத்துக்காகத் தொழிலை விடு என்று சொன்னவர்கள், அதற்கு ஈடான பிழைப்பு ஒன்றையும் அவளுக்குக் காட்டவில்லை என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே.

யாழ்ப்பாணத்துக்கு மீள்வோம். இங்கே சமைப்பவரிடமும் பரிமாறுபவரிடமும் சமுதாயம் மிகுந்த சுத்தம் கேட்டது. ஆனால் அது கேட்ட சுத்தம் எது? கை கழுவினானா என்பதன்று; எந்தக் குலத்திலே பிறந்தான் என்பதே. குடிக்க வருபவரையும் அவ்வாறே கேட்டது. தேநீர்க்கடைகளிலே ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உள்ளே இடமில்லை. வெளியே நின்றவருக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் வார்க்கப்பட்டது. உள்ளே இருந்தோருக்கு ஒரே வாளி நீரிலே மாறிமாறி அலசிய பேணியும் கிளாசும் கிடைத்தன. குடித்தபின் எறியப்பட்ட சிரட்டை, பலர் வாய்ப்பட்டு ஒரே நீரிலே அலசப்பட்ட கிளாசைவிடக் கிருமிக்கு இடங்கொடாதது என்பதை இன்று சிறுவரும் அறிவர். இழிவு செய்வதற்காகக் கொடுத்தது காவலாகவும், பெருமைக்காக வைத்துக்கொண்டது கேடாகவும் அமைந்த விந்தையை என்னென்பது! இதனாலே சிரட்டையின் கொடுமை அணுவளவும் குறையாது. சுத்தம் என்னும் சொல்லை இச்சமுதாயம் எங்கே தவறாக வைத்திருந்தது என்பதையே அது காட்டும்.

1950களின் பிற்பகுதியிலே சிறுபான்மைத் தமிழர் மகாசபையின் முயற்சியினாலே தேநீர்க்கடைப் பிரவேசம் நடந்தது. 1957இலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. ஆயினும் 1960களின் பிற்பகுதி வரை போராட்டம் தொடர்ந்தது. மானிப்பாய்க்கு அயலிலுள்ள சங்கானையிலும் அது நிகழ்ந்தது. கடைகள் எல்லோர்க்கும் திறந்தபின்னர்தான், கிளாசைக் கழுவும் முறை எல்லோரும் கேட்கத்தக்க பொதுக் கேள்வி ஆயிற்று. குலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைக் கேட்கத் தொடங்க அத்தனை காலம் சென்றது.

சட்டம் வேறொரு வழியாக வந்தது. 1896இலே பம்பாயிலே கொள்ளைக்காய்ச்சல் தோன்றிய அச்சத்தின் நடுவே, 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தொற்றுத்தடை, நோய்த்தடுப்புக் கட்டளைச்சட்டம் இலங்கையிலே இயற்றப்பட்டது. 1926இலே களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிற்று. அதன் பின்னரே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊர்தோறும் உணவுக்கடைகளையும் கிணறுகளையும் பார்த்துச் செல்லும் முறை வேரூன்றியது. ஆங்கிலத்திலே எழுதப்பட்ட கட்டளையைக் குசினியிலே நிற்பவருக்குத் தமிழிலே வாயாற் சொல்லிய மனிதர் அவரே. மானிப்பாய் நூல் தொடங்கிய வேலையை, நூலின்றி, சைக்கிளிலே திரிந்து செய்தவர் என்று அவரைச் சொல்லலாம். 1949இலே உணவு, மருந்துச் சட்டமும், 1980இலே 26ஆம் இலக்க உணவுச் சட்டமும் வந்தன. உணவு கையாளுவோருக்கு வைத்தியப் பரிசோதனையும் நெருப்புக்காய்ச்சல் தடுப்பூசியும் வேண்டும் என்னும் வழக்கமும் ஏற்பட்டது. இவற்றையெல்லாம் விரித்தல் வேண்டா.

2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. யாழ்ப்பாணம் அபாயம் மிகுந்த மாவட்டங்கள் ஆறனுள் ஒன்றாகக் கணிக்கப்பட்டது. மருதடி விநாயகரின் தேர்நாளாகிய சித்திரைப் புத்தாண்டு அவ்வாண்டு வீட்டினுள்ளேயே பிறந்தது. உணவகங்கள் மூடின, பாண் வாகனங்கள் ஒழுங்கைகளுக்கு வந்தன. அப்போது பயன்பட்டதும் அந்த 1897ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டமே. அதன்கீழ் 2020 ஒக்ரோபர் 15ஆம் திகதி வெளியான ஒழுங்குவிதிகள் முகக்கவசம் அணிதல், ஒரு மீற்றர் இடைவெளி பேணுதல், பணியிடத்தினுள்ளே புகுமுன் கை கழுவுதல், வருவோர் பெயரைப் பதிதல் முதலியவற்றைக் கட்டாயமாக்கின.

அம்மாதத்திலேயே பேலியகொடை மீன்சந்தையிலே தொற்றுக் கண்டு அச்சந்தை மூடப்பட்டது. மீன் வாங்கி விற்போர் வழியாக நோய் பல மாவட்டங்களுக்கும் சென்றது. டிசெம்பர் மாதத்திலே மானிப்பாய்க்கு அயலிலேயே அது தோன்றிற்று. மருதனார்மடம் சந்தையிலே எழுமாறாக எடுத்த பீ.சீ.ஆர். பரிசோதனையிலே வியாபாரி ஒருவருக்குத் தொற்று இருத்தல் கண்டறியப்பட்டது. அடுத்த நாள்களிலே சந்தையிலே தொழில் செய்த பலருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் தொற்று வெளிப்பட்டது. சந்தை மூடப்பட்டது; உடுவில் பகுதி முடக்கப்பட்டது. மருதனார்மடம் கொத்தணி என்னும் பெயர் செய்தித்தாள்களிலே நாள்தோறும் இடம்பெற்றது. நோயின் அறிகுறி சிறிதுமின்றி விடியற்காலையிலே தோட்டத்திலிருந்து மரக்கறி ஏற்றி வந்து, பகல் முழுதும் விலை கூவி விற்றவர்கள் அவர்கள். மேரி மலனுக்குச் சொல்லப்பட்டதே அவர்களுக்கும் சொல்லப்பட்டது: நீர் நலமாயிருக்கின்றீர், எனினும் உம்மிடம் நோய் இருக்கின்றது. இம்முறை அதனை அவர்கள் நம்பினர். ஒரு நூற்றாண்டுக் கல்வியின் பயன் அதிலே உண்டு.

எனினும் நம்பிக்கை வேறு, விளக்கம் வேறு. உணவு விற்போர் பலர் அக்காலத்திலே கையுறை அணிந்தனர். அந்தக் கையுறையாலேயே காசை வாங்கினர், கைத்தொலைபேசியை எடுத்தனர், முகக்கவசத்தைச் சரிசெய்தனர், பின் அதனாலேயே றொட்டியையும் வடையையும் எடுத்துப் பொதிந்தனர். தம் கையைக் காக்க அணிந்தது உண்பவரைக் காக்கும் என்று எண்ணினர். 2020 ஏப்பிரல் 7ஆம் திகதி உலக சுகாதார நிறுவனமும் உணவு, வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டல், கையுறை கை கழுவுதலுக்கு ஈடாகாது என்றும், அணிவதாயின் அடிக்கடி மாற்றி, மாற்றும்போதெல்லாம் கை கழுவவேண்டும் என்றும் தெளிவாகவே கூறிற்று. அந்நோய் உணவின் வழியாகப் பரவுதல் மிக அரிது என்றும் அதிலே கூறப்பட்டது. ஆயினும் கடையிலே சேர்ந்தது கையுறையே, காரணம் சேரவில்லை. காரணம் இல்லாத சுத்தம் சடங்காகிவிடும் என்பதற்குப் பழைய செம்பும் பேணியும் போதாவென்று கையுறையும் வந்து சான்றாயிற்று.

மருதனார்மடத்தார் காய்கறியாலே நோயைப் பரப்பினார் அல்லர். நெருக்கத்திலே நின்று ஒருவர் மூச்சை மற்றொருவர் வாங்கியதாலேயே தாமும் நோயுற்றனர். உணவுத் தொழிலாளரைப் பிறருக்குக் கேடு செய்பவராகவே நோக்கிய பழைய கண்ணுக்கு இது புலப்படுதல் அரிது. கலிபோர்னியா மாநிலத்திலே 2020 மார்ச் முதல் நவம்பர் வரை 18 முதல் 65 வயது வரையுள்ளோரின் மரணங்களை ஆராய்ந்தோர், உணவு, வேளாண்மைத் துறையினரிடை மரணம் வழமையிலும் 39 வீதமும், சமையற்காரரிடை 60 வீதமும் மிகுந்தது எனக் கண்டனர். அடுப்படியின் நெருக்கமும், நாட்கூலியும், காய்ச்சல் கண்ட நாளிலும் வேலைக்குப் போகவேண்டிய தேவையுமே இதற்குக் காரணமாகும் எனல் பொருந்தும். இலங்கையிலே 2020 ஏப்பிரலிலே வருமானம் இழந்த குடும்பங்களுக்கு அரசு 5,000 ரூபா வழங்கிற்று. தேநீர்க்கடையிலே றொட்டி தட்டுபவருக்கு இருமல் வந்தால் 14 நாள் வீட்டிலிருக்கச் சொல்லுதல் எளிது; அந்த 14 நாட் கூலியை எவர் கொடுப்பார் என்பதைக் கட்டளை எழுதியோர் எழுதவில்லை. நியூயோர்க்கிலே 1910இலே விடப்பட்ட குறை 2020இலும் தீரவில்லை.

விதி கேட்டதற்காகக் கடை வாயில்களிலே குழாயும் சவர்க்காரமும் வைக்கப்பட்டன. காலால் மிதித்தால் நீர் வரும் குழாய்களை ஊர்க் கம்மாலைகளிலே புதிதாகச் செய்தோரும் உளர். அவை பெரும்பாலும் உள்ளே வருவோருக்காக வைக்கப்பட்டவை. பின்புறத்துக் குசினியிலே மாப்பிசைபவர் கழுவும் இடம் பல கடைகளிலே முன்னிருந்தபடியே இருந்தது: ஒரு வாளி, ஒரு கோப்பை, ஒரு துணி. 2022இலே பொருளாதார நெருக்கடியால் சவர்க்காரத்தின் விலை பன்மடங்கு உயர்ந்தபோது வாயிற் குழாயிலிருந்து முதலிலே மறைந்தது சவர்க்காரம். பின்னர் நீரும் நின்றது.